‘ரங்கையா டெல்.’ என்று போட்ட பழைய தாவரப் படம்: அச்சு முறை, வண்ணம், ஓவியர் – எப்படிக் கண்டுபிடிப்பது?

இலைநரம்பு (கேள்வி)

பழைய தாவர நூல்களிலிருந்து பிரிந்த இரண்டு ஒற்றைத் தாள்களை அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

தாள் 1: கறுப்புக் கோட்டில் ஒரு கொடி, கீழே பூவின் உள்ளுறுப்புகள் தனித்தனியாக. மேல் மூலையில் நான்கு இலக்க எண். கீழே இடது ஓரத்தில் ஆங்கில எழுத்தில் ‘ரங்கையா டெல்.’, வலது ஓரத்தில் ‘டம்ஃபி லித்.’. இலைக்கும் பூவுக்கும் நீர்வண்ணம் பூசியிருக்கிறது.

தாள் 2: இதைவிடப் பெரியது, முழுக்க வண்ணம். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் பள்ளமாக ஒரு தடம். பெயர் எதுவும் இல்லை. இலைகள் பச்சையாக இல்லை, நீலம் பாரித்திருக்கின்றன. வெள்ளைப் பூவிதழ்களில் கருமை படர்ந்திருக்கிறது. தாளைத் திருப்பினால் ஒரே ஓர் இலையின் வடிவம் மட்டும் பழுப்பாகத் தெரிகிறது.

தெரிய வேண்டியவை: இவை எந்த அச்சு முறை? வண்ணம் அந்தக் காலத்திலேயே பூசியதா, பிறகு யாரோ பூசியதா? ரங்கையா யார்? இரண்டாவது தாளை வரைந்தவரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

---

கல்லச்சு

முதலில் ஓர எழுத்துகள். அவை லத்தீன் சுருக்கங்கள். ‘டெல்.’ அல்லது ‘டெல்ட்.’ என்றால் வரைந்தவர். ‘பின்க்ஸ்.’ என்றால் வண்ணம் தீட்டியவர். ‘ஸ்கல்ப்.’ அல்லது வெறும் ‘எஸ்.சி.’ என்றால் தகட்டில் செதுக்கியவர். ‘லித்.’ என்றால் கல்லில் ஏற்றியவர். ‘இம்ப்.’ அச்சிட்டவர். ஆக உங்கள் தாள் 1-இல் மூல ஓவியம் ரங்கையாவுடையது, கல்லில் அதை மறுபடி வரைந்த கை டம்ஃபியுடையது. நீங்கள் பார்க்கும் கோடு ஒவ்வொன்றும் ரங்கையா இழுத்த கோடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இலை நரம்பு எங்கே பிரிகிறது, பூக்காம்பு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அவருடையது. கோட்டின் தடிமனும் நிழல் போட்ட விதமும் கல்லில் வரைந்தவருடையதாக இருக்கலாம்.

இந்தப் பெயரும் நான்கு இலக்க எண்ணும் சேர்ந்து வந்தால் நூலைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் (1796–1872) சென்னையில் வெளியிட்ட ‘ஐகோனெஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்’. ஆறு தொகுதி, கடைசித் தொகுதி 1853. மொத்தம் 2101 கல்லச்சுப் படங்கள். வைட்டின் மற்ற இரண்டு படநூல்களிலும் (‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இண்டியன் பாட்டனி’, நீலகிரித் தாவரங்கள் பற்றிய ‘ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸே’) எண்கள் இவ்வளவு தூரம் போகாது. அவை இரண்டும் கையால் வண்ணம் பூசி வந்தவை. ஐகோனெஸ் வெறும் கறுப்பு வெள்ளை. எனவே உங்கள் தாளில் இருக்கும் வண்ணம் பதிப்பகத்து வண்ணம் அல்ல.

அச்சு முறையை உறுதி செய்ய 10 மடங்கு உருப்பெருக்கி லென்ஸ் ஒன்று போதும். இலையின் நிழல் பகுதியில் வைத்துப் பாருங்கள்.

கல்லச்சில் கோடு சொரசொரப்பாக, மணல் மணலாக உடைந்து தெரியும். எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் சுண்ணாம்புக்கல்லின் பரப்பில் வரைவதால், கல்லின் மேடுகளில் மட்டும் மை பிடிக்கும். பேனா மையால் வரைந்திருந்தால் கோடு வழவழப்பாக இருக்கும், ஆனால் தாளின் மேல் புடைக்காது. செப்புத் தகட்டுச் செதுக்கலில் கோடு மெல்லிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி ஊசிமுனையாக முடியும். மை தாளின் மேல் சற்றுப் புடைத்து நிற்கும். விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு ஒட்டி வைத்தால் புடைப்பு நிழல் விழும். மரக்கட்டை அச்சில் இதற்கு நேர்மாறு: கோட்டின் விளிம்பில் மை பிதுங்கிக் கறுத்திருக்கும், தாளின் பின்புறம் கோடு மேடாகத் தெரியும்.

லென்ஸில் ஒழுங்கான புள்ளி வரிசைகளோ, ரோஜாப்பூ மாதிரிச் சுற்றி நிற்கும் நான்கு நிறப் புள்ளிகளோ தெரிந்தால் அது புகைப்பட வழி மறுபதிப்பு. மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை.

தாள் 2-இல் தடம் இருப்பதால் அது செப்புத் தகடு. தடம் இல்லாத தாள் கல்லச்சு.

---

அவுரி

கடைசி இரண்டு வரிகளில் மட்டும் எனக்கு மறுப்பு உண்டு. பைண்டிங் செய்யும்போது ஓரத்தை வெட்டினால் தகட்டுத் தடம் வெட்டுத்துண்டோடு போய்விடும். தகடு தாளைவிடப் பெரிதாக இருந்தாலும் தடம் விழாது. மறுபக்கம், அலங்காரத்துக்காக விற்கும் மறுபதிப்புகளில் தடத்தைத் தனியாக அழுத்தி உண்டாக்குகிறார்கள். அசல் தடத்தில் மூலைகள் சற்று மழுங்கியிருக்கும், ஓரத்தில் துடைக்காமல் விட்ட மையின் மெல்லிய கறை ஒட்டியிருக்கும். போலித் தடம் சுத்தமாக, நாலு பக்கமும் ஒரே ஆழத்தில் இருக்கும். தடத்தை ஒரு சான்றாக வையுங்கள். தீர்ப்பைக் கோடு சொல்லட்டும்.

இப்போது வண்ணம். நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களுக்கும் மூன்று வெவ்வேறு காரணம்.

நீல இலை: அந்தக் காலப் பச்சை பெரும்பாலும் கலவை. அவுரி நீலத்தையோ பிரஷ்யன் நீலத்தையோ ஒரு மஞ்சளோடு கலப்பார்கள். மஞ்சள் என்றால் கார்சினியா மரத்துப் பிசினான கம்போஜ், அல்லது செடிச் சாயத்தைப் படிகாரத்தில் இறக்கிய லேக் வகை. வெளிச்சத்தில் மஞ்சள் முதலில் போய்விடும், நீலம் தங்கும். சட்டகம் மறைத்த ஓரத்தில் ஒரு இலை நுனியாவது இன்னும் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் மூல நிறம். அதைக் கையோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்த வெள்ளை: ஈய வெள்ளை. காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டு ஈயச் சல்ஃபைடாக மாறிக் கறுக்கிறது. நீர்வண்ணத்தில் ஈயத்துக்குக் கவசமாக எண்ணெய் இல்லை, வேலம்பிசின் மட்டும்தான், அதனால் சீக்கிரம் பாதிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு அதை வெள்ளையான சல்ஃபேட்டாக மாற்றும் என்று படித்துவிட்டு யாரும் வீட்டில் முயல வேண்டாம். ஈரம் பட்ட நொடியில் பக்கத்து நிறம் ஓடும், தாளில் வட்டக் கறை விழும். காகிதப் பாதுகாப்பு பயின்றவர் கையில் விட வேண்டிய வேலை.

பின்புறம் பழுப்பு: அந்த ஓர் இலைக்கு மட்டும் செம்புக் களிம்புப் பச்சை போட்டிருக்கிறார்கள். செம்பு அயனி தாளின் நாரை அரிக்கும். முற்றினால் இலை வடிவத்திலேயே தாள் விரிந்து உதிர்ந்துவிடும். அந்த இடத்தை மடக்காதீர்கள், தாளை எப்போதும் அட்டையின் மேல் வைத்தே நகர்த்துங்கள்.

வண்ணம் அக்காலத்தது தானா என்பதற்கு என் வரிசை இது. லென்ஸோடு ஒரு கிழிசலையோ மடிப்பையோ தேடுங்கள். நிறம் கிழிசலின் உள்விளிம்பில், வெள்ளை நாருக்குள் ஊறியிருந்தால் தாள் கிழிந்த பிறகு பூசியது. பழுப்புக் கறையின் மேல் நிறம் நிற்கிறதா, கறை நிறத்தின் மேல் படர்ந்திருக்கிறதா என்பதும் அதே கேள்விதான். அடுத்து 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். கண்ணுக்கு அதற்கான கண்ணாடி போட்டுக்கொண்டு, இருட்டறையில் சில விநாடிகள் போதும். தாளே பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் ஒளியூட்டும் ரசாயனம் சேர்த்த, சுமார் 1950-க்குப் பிந்தைய காகிதம். வெள்ளை நிறம் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தால் துத்தநாக வெள்ளை, அது நீர்வண்ணமாகக் கடைக்கு வந்தது 1834-இல். வெள்ளை ஒளிராமல் இருண்டே கிடந்தால் டைட்டானியமாக இருக்கலாம், அப்படியானால் 20-ஆம் நூற்றாண்டு. இந்தச் சோதனை ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும்.

---

மறுமுனை

ஓவியரைப் பற்றி யாரும் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

வைட்டுக்கு வேலை செய்த ஓவியர்களில் பெயர் தெரிந்த இருவர் ரங்கையாவும் கோவிந்துவும். ரங்கையா 1820-களின் நடுவிலிருந்து 1840-களின் நடுவரை. அதன் பிறகு கோவிந்து. இருவருக்கும் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு எழுதி வைக்கப்படவில்லை, படங்களின் ஆண்டை வைத்துத்தான் அவர்கள் காலம் கணிக்கப்படுகிறது. அதனால் தாளில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதே மூல ஓவியத்தின் காலத்துக்கு ஒரு தடயம். கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று வைத்தார், 1853-இல் வந்த கடைசித் தொகுதியில். இன்றைய வகைப்பாட்டில் அது ட்ரொபீடியா பேரினத்துக்குள் போய்விட்டது. பெயர் மறைந்தாலும் இணைப்பெயராகப் பட்டியல்களில் நிற்கிறது. ஓர் இந்திய ஓவியருக்குத் தாவரவியல் கொடுத்த மரியாதைகளில் அரியது அது. வைட்டின் சேகரத்தில் பெரும் பகுதி மூல ஓவியங்கள் எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் உள்ளன. உங்கள் தாளின் எண்ணை வைத்து மூலத்தைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரங்கையாவின் கை எங்கே முடிந்து டம்ஃபியின் கை எங்கே தொடங்குகிறது என்று கண்ணாலேயே பிரிக்கலாம்.

அப்படி ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது திசை. கல்லிலோ தகட்டிலோ உள்ளபடி வரைந்தால் அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும். அதைத் தவிர்க்கக் கண்ணாடியில் பார்த்து வரைவார்கள், அல்லது மாற்றுத்தாளில் எண்ணெய் மையால் வரைந்து கல்லில் ஒற்றுவார்கள். அவசரத்தில் இரண்டையும் விட்டால் படம் திரும்பியே அச்சாகும். மாமரத்துக்கு இதனால் ஒன்றும் கெடாது. கொடிக்குக் கெடும். வள்ளிக் கொடிகளில் டயோஸ்கோரியா அலாட்டா ஒரு பக்கமும் டயோஸ்கோரியா பல்பிஃபெரா அதற்கு எதிர்ப் பக்கமும் சுற்றும். சுற்றும் திசை அங்கே இனத்தைப் பிரிக்கும் அடையாளம். படம் திரும்பினால் அடையாளமே திரும்பிவிடுகிறது.

உங்கள் தாள் 1-இல் இருப்பது கொடி. கொழுகொம்பின் முன்பக்கம் தண்டு ‘/’ போலச் சாய்ந்து ஏறுகிறதா, ‘\’ போலவா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘வலஞ்சுழி, இடஞ்சுழி’ என்ற சொற்களை நம்ப வேண்டாம், பழைய ஆசிரியர்கள் மேலிருந்து பார்த்தும் கீழிருந்து பார்த்தும் எதிரெதிராக எழுதியிருக்கிறார்கள். பிறகு அதே இனத்தின் உயிருள்ள கொடியையோ உலர்மாதிரியையோ பாருங்கள். உலர்மாதிரியைத் திருப்பி ஒட்டியிருப்பார்களே என்று தயங்க வேண்டாம், சுற்று முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான்.

கொடி இல்லாத படத்துக்கு இதழ் அடுக்கு உதவும். நந்தியாவட்டையிலும் அரளியிலும் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிப் படிந்திருக்கும், ஆனால் இரண்டும் எதிரெதிர் திசை. பூவை மேலிருந்து பார்த்து ஒப்பிட்டால் அச்சு திரும்பியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். செம்பருத்திக் குடும்பத்தில் இதைச் செய்யாதீர்கள். அங்கே ஒரே செடியில் இரண்டு திசைப் பூக்களும் வரும்.

---

இலைநரம்பு

மூவருக்கும் நன்றி. பார்த்தவரை:

தாள் 1: கோடு மணல் மணலாகவே உடைகிறது, புள்ளி வரிசை இல்லை. கீழ் ஓரத்தில் ஒரு சிறு கிழிசல். பச்சை அதன் உள்விளிம்பில் ஊறியிருக்கிறது. தண்டு ‘/’.

தாள் 2: கோடுகள் ஊசிமுனையாக முடிகின்றன, புடைப்பும் தெரிகிறது. பூவின் நரம்புக் கோடுகள் கறுப்பாக இல்லை, சிவப்பு மையிலேயே அச்சாகியிருக்கின்றன போலத் தோன்றுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ‘ஜே வாட்மன்’ என்ற பெயரும் 18 என்று தொடங்கும் ஆண்டும் தெரிகின்றன, மற்ற இரண்டு இலக்கம் படத்துக்கு அடியில் மறைகிறது. பெயர் இல்லாததால் ஓவியரைக் கண்டுபிடிக்கவே முடியாதா?

---

கல்லச்சு

தடத்தைப் பற்றி அவுரி சொன்னது சரி, என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். தாள் 1-இன் வண்ணம் பிற்காலத்தது என்பது கிழிசலோடு முடிந்தது. அதை ‘போலி’ என்று எழுத வேண்டாம். அச்சு அசல், வண்ணம் பிறகு சேர்ந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

தாள் 2-இல் கோடே நிறமாக இருப்பது முக்கியமான செய்தி. கையால் பூசியதென்றால் லென்ஸில் கோடு கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும், நிறம் அதன் மேல் படலமாகக் கிடக்கும், ஓரிடத்திலாவது கோட்டைத் தாண்டி வழியும். கோட்டுக்குள்ளேயே நிறம் இருந்தால் நிற மையை ஒரே தகட்டில் சிறு துணிப் பொட்டலத்தால் இடம் இடமாகத் தடவி, ஒரே அழுத்தில் எடுத்தது. ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டை முதலிலிருந்து மை தடவ வேண்டும். ரெதூத்தே என்ற தாவர ஓவியரின் (1759–1840) ரோஜா, அல்லிப் படங்கள் இந்த வழியில் வந்தவை, அங்கே கோடுகளுக்குப் பதிலாக நுண்புள்ளிகள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: அச்சில் இரண்டு மூன்று நிறம், மீதி தூரிகையால் நிரப்பியது. உங்கள் தாளில் வெளுத்துப்போன மஞ்சளும் செம்புப் பச்சையும் தூரிகை வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

வெளிச்சத்தில் தெரிவது நீர்க்குறி, வாட்மன் என்பது காகிதம் செய்தவர் பெயர். அதில் உள்ள ஆண்டு தாள் வார்த்த சட்டத்தின் ஆண்டு. படம் அதற்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது. பின்னால் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஆகலாம். தகட்டைப் பத்திரப்படுத்தி வைத்து மறுபடி அடிப்பது வழக்கம். மெல்லிய கோடுகள் முதலில் தேயும், எனவே இலை நுனி, மகரந்தத்தாள் ஆகிய இடங்களில் கோடு அறுந்து தெரிந்தால் பிற்கால அடிப்பு.

---

மறுமுனை

பெயர் இல்லை என்றால் முடியவே முடியாது என்பதில்லை, ஆனால் ஓவியர் பெயர் எல்லா நூலிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளரின் சோழமண்டலக் கரைத் தாவர நூல் 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதியாக லண்டனில் வந்தது, 300 செப்புத் தகட்டுப் படங்கள். மூலங்களை வரைந்த இந்திய ஓவியர்களின் பெயர் ஒன்றுகூட அதில் அச்சாகவில்லை. வாலிக் என்ற தாவரவியலாளரின் ‘பிளாண்டே ஏசியாட்டிகே ரேரியோரெஸ்’ (1830–32) அப்படியல்ல, விஷ்ணுபிரசாத், கோராசந்த் என்ற பெயர்களைப் படத்தின் கீழேயே பார்க்கலாம். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறைகூட இல்லை. பெயர் போடுவதும் விடுவதும் நூலாசிரியர், பதிப்பாளர் விருப்பமாகவே இருந்தது. 1542-இல் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் தம் மூலிகை நூலின் கடைசியில் வரைந்தவர், கட்டைக்கு மாற்றியவர், செதுக்கியவர் என மூன்று பேரின் உருவப்படத்தையும் பெயரோடு அச்சிட்டிருந்தார் என்பதை நினைத்தால், பின்னால் வந்தவர்கள் விட்டது எவ்வளவு பெரிய குறை என்று புரியும்.

பெயர் இருந்தாலும் ஒரு படத்துக்கு ஒரே ஓவியர்தான் என்று வைத்துக்கொள்ள முடியாது. கடலோடி குக்கின் முதல் பயணத்தில் (1768–71) ஓவியர் சிட்னி பார்க்கின்சன் 269 ஓவியங்களை முடித்தார், 674-ஐ முடிக்காமல் விட்டு 1771-இல் கடலிலேயே இறந்தார். முடிக்காதவற்றில் ஓர் இலைக்கும் ஒரு பூவுக்கும் மட்டும் நிறம், மீதிக்கு நிறக் குறிப்பு. அதே பயணத்தில் போன தாவரவியலாளர் பேங்க்ஸ் லண்டனில் ஐந்து ஓவியர்களை வைத்து அவற்றை நிறைவு செய்தார், பிறகு 743 செப்புத் தகடுகள் செதுக்கப்பட்டன. இன்னொரு தாவர ஓவியர் ஃபெர்டினாண்ட் பௌவர் ஆஸ்திரேலியப் பயணத்தில் பெரும்பாலும் நிறமே தீட்டவில்லை எனலாம்: பென்சில் கோட்டுக்குள் ஏறத்தாழ 1000 வரை எண்களை எழுதி, ஊர் திரும்பிய பிறகு எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டினார்.

தாள் 2-க்கு வழி இதுதான். செடியின் இனத்தைத் தீர்மானியுங்கள். அதன் பழைய பெயர்களையும் சேர்த்து, 19-ஆம் நூற்றாண்டில் அது எந்தெந்த நூலில் படமாக வந்தது என்று தாவரப் பெயர்ப் பட்டியல்களில் தேடுங்கள். எண்ணிமமாக்கிய பிரதிகளில் தகட்டுத் தடத்தின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் ஒப்பிட முடியாது, அதனால் கோட்டுக்குக் கோடு பொருத்துங்கள்: ஒரு குறிப்பிட்ட இலையின் மூன்றாவது பக்க நரம்பு எங்கே கிளைக்கிறது என்று பார்த்தாலே போதும். நகலெடுத்தவர் அதில்தான் தவறுவார்.

---

அவுரி

வைக்கும் விதம் பற்றி ஒன்று. பிரஷ்யன் நீலம் காரத்தில் வெளுக்கும். சுண்ணாம்புச் சத்து சேர்த்த ‘பஃபர்’ காகிதத்தைத் தாள் 2-இன் முகத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், அமிலமும் இல்லாத காரமும் இல்லாத நடுநிலைக் காகிதம் போடுங்கள். லேமினேஷன், செல்லோ டேப் இரண்டும் கூடாது. ஜன்னல் அட்டையில் (படம் தெரிய நடுவில் வெட்டிய அட்டை) பொருத்த ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமை மாவுப் பசையும், மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரப்பதம் மாறும்போது தாள் விரிய இடமில்லாமல் அலையலையாக நெளியும், செம்பு அரித்த இலையில்தான் முதலில் விரிசல் விழும். காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம்.

பதிவேட்டில் ‘வைட்டின் படம்’ என்று எழுதாதீர்கள். வரைந்தவர் ரங்கையா, கல்லில் ஏற்றியவர் டம்ஃபி, நூலாசிரியர் வைட், வண்ணம் பிற்காலம், பூசியவர் பெயரில்லை. தாள் 2-க்கு ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தை நீக்காமல் காலியாக விடுங்கள்.